40 நிமிஷம் ஜில்லு, அப்புறம் அனல்: மூணு தடவை கேஸ் ஏத்தியும் தீராத கார் ஏசி

வேலூர்_வெயில் | மே 6, இரவு 10.12

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்கிறவன், இன்னைக்குத்தான் முதல் பதிவு. வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், சின்ன ஹேட்ச்பேக். 91,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு.

வீடு வேலூர், வேலை சென்னை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளம்பினா முதல் 40 நிமிஷம் கை விறைக்கிற அளவுக்கு ஜில்லு. வாலாஜா டோல்கேட் தாண்டி காவேரிப்பாக்கம் வர்றதுக்குள்ள காத்து வெதுவெதுன்னு ஆகிடுது. ஏசியை அணைச்சுட்டு டீக்கடையில கால் மணி நேரம் நின்னா மறுபடி வேலை செய்யும். ஆனா இந்தத் தடவை 15, 20 நிமிஷம்தான். ராத்திரியிலயும் மழை நாள்லயும் ஒரு பிரச்சினையும் இல்ல.

மார்ச்ல ஒரு கடை: "கேஸ் கம்மி", 1,200 ரூபாய்க்கு டாப்-அப். ஏப்ரல்ல இன்னொரு கடை: "உள்ள ஒரே அழுக்கு", கூலிங் காயில் கிளீனிங், கூடவே கேஸ், 2,800. போன வாரம் மூணாவது கடை. அங்கயும் முதல்ல கொஞ்சம் கேஸ் ஏத்திப் பார்த்தாங்க, தீரல. மீட்டரைக் காட்டி, "கேஸ் ஃபுல்லா இருக்கு சார், கம்ப்ரெஷர் போச்சு, 18,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. மாத்திடலாமா?

தயிர்சாதம் | மே 6, இரவு 10.20

காவேரிப்பாக்கத்துல வீடு பாருங்க சார். 40 நிமிஷத்துல போயிடலாம்.

ஓஎம்ஆர்_டிராஃபிக் | மே 6, இரவு 10.41

கண்டென்சர் (ஏசி கேஸோட சூட்டை வெளியேத்துற முன்பக்கக் காயில்) பேன்தான். எனக்கும் இதே மாதிரி ஆச்சு. பேன் ரிலே 250 ரூபாய், மாத்தினதும் சரியாயிடுச்சு. முதல்ல ஏசி போட்டுட்டு பானெட்டைத் திறந்து பேன் சுத்துதான்னு பாருங்க.

பொள்ளாச்சி_பாபு | மே 6, இரவு 11.05

எனக்கு ஐஸ் கட்டுற பிரச்சினை மாதிரி தெரியுது. கூலிங் காயில் மேல ஐஸ் உறைஞ்சு காத்து போற வழி அடைபடும். அணைச்சு வச்சா உருகிடும், திரும்ப வேலை செய்யும். காயில்ல சொருகியிருக்கற தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கற சென்சார்) போயிருந்தா கம்ப்ரெஷர் கட் ஆகாம ஓடிட்டே இருக்குமுங்க. கால் மணி நேரம் நின்னா சரியாகுதுன்னு சொல்றீங்களே, அது அப்படியே பொருந்துது.

காயில்காரர் | மே 7, காலை 6.15

தம்பி, கோயம்புத்தூர்ல 26 வருஷமா கார் ஏசி மட்டும் பார்க்கிறேன். கம்ப்ரெஷரை மாத்தாதே. இப்ப ஒண்ணையும் மாத்தாதே.

முதல்ல எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். சூடாகிற நேரத்துல காத்தோட வேகம் குறையுதா? ப்ளோயர் சத்தம் அதே மாதிரி இருந்து, முகத்துல அடிக்கிற காத்து மட்டும் மெலிஞ்சு போனா பாபு சொல்றது சரி, ஐஸ். காத்து அதே வேகத்துல வந்து, சூடா மட்டும் வந்தா ஐஸ் கிடையாது. பெரும்பாலும் கம்ப்ரெஷர் சுத்தாம நிக்குதுன்னு அர்த்தம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காமத்தான் கூலிங் காயிலைப் பார்க்கிறோம்னு பாதிப் பேரோட டேஷ்போர்ட் வீணா இறங்குது.

பேன் பத்தி: பேன் வேலை செய்யலேன்னா சிக்னல்ல நிக்கும்போது சூடாகும், ஹைவேல ஓடும்போது எதிர்க்காத்து கண்டென்சர்ல அடிச்சு ஜில்லாகும். உன் கதை தலைகீழ். 90ல போயிட்டிருக்கும்போது சூடாகுது. பேனை விடு.

அடுத்து அந்த "கேஸ் ஃபுல்". மீட்டர் மாட்டும்போது இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சா, அணைச்சிருந்துச்சா? ரெண்டு முள்ளும் எங்க நின்னுச்சு?

வேலூர்_வெயில் | மே 7, இரவு 9.30

அண்ணே, நன்றி. நல்லா யோசிச்சுப் பார்த்தேன், மனைவிகிட்டயும் கேட்டேன். காத்து குறையல. அதே வேகம், ஜில்லு மட்டும் போயிடுது.

மீட்டர் மாட்டினது காலையில, இன்ஜின் அணைச்சு. ரெண்டு முள்ளும் கிட்டத்தட்ட 100 பிஎஸ்ஐ. "100 இருக்கு, ஃபுல்"னு சொன்னாங்க.

காயில்காரர் | மே 8, காலை 6.02

நினைச்சேன். நின்ன வண்டியில 100 காட்டுறது கேஸோட அளவு இல்ல தம்பி, அன்னைக்குக் காலையில அடிச்ச வெயிலோட அளவு.

ஆர்134ஏ, அதாவது உன் கார் ஏசியில இருக்கிற கேஸ், அடைச்ச சிஸ்டம் எதுவா இருந்தாலும், உள்ள கொஞ்சமாவது திரவமா இருக்கிற வரைக்கும் நின்ன அழுத்தம் வெப்பத்தை மட்டும்தான் சொல்லும். 25 டிகிரிக்கு 82 பிஎஸ்ஐ, 30 டிகிரிக்கு 97, 35க்கு 114, 40க்கு 133. கேஸ் 250 கிராம் இருந்தாலும் இதேதான், 500 கிராம் இருந்தாலும் இதேதான். 100ன்னு காட்டினா அந்த இடத்துல 30, 31 டிகிரி, சிஸ்டம் காலியாகல. அவ்வளவுதான் செய்தி.

ஓடும்போது பார்க்கணும். 1,500 ஆர்பிஎம், ப்ளோயர் ஃபுல், கதவெல்லாம் திறந்து வச்சு. வெளியில 35 டிகிரின்னா தாழ்பக்கம் (கம்ப்ரெஷருக்குள்ள கேஸ் வர்ற பக்கம்) 30லிருந்து 45, உயர்பக்கம் (வெளியில போற பக்கம்) 200லிருந்து 250க்குள்ள இருந்தா பொதுவா நல்ல நிலைமை. ரெண்டுமே குறைவா இருந்தா கேஸ் கம்மி. ரெண்டுமே ஏறி நின்னா கேஸ் அதிகம், இல்லேன்னா கண்டென்சர்ல சூடு இறங்கல, இல்லேன்னா வேக்கம் (கேஸ் அடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்கிறது) சரியா போடாம உள்ள காத்து மாட்டியிருக்கு. தாழ்பக்கம் கூடி உயர்பக்கம் குறைஞ்சாத்தான் கம்ப்ரெஷர் மேல சந்தேகம். தாழ்பக்கம் வேக்கம் வரைக்கும் இறங்கிப் போனா எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குத் திரவத்தை விடுற சின்ன ஓட்டை) அடைப்பு, இல்ல உள்ள ஈரம் போய் அந்தச் சின்ன ஓட்டையில ஐஸா நிக்குது. 40 நிமிஷம் நல்லா கூலிங் தர்ற கம்ப்ரெஷரை நின்ன முள்ளைப் பார்த்துப் போச்சுன்னு சொல்றவன் கையில 18,000 கொடுக்காதே.

கிர்ச்சாஃப்_குமார் | மே 8, காலை 9.48

வீட்டுல சமையல் சிலிண்டரை யோசிச்சா இது புரியும். நேத்து வந்த சிலிண்டரா இருந்தாலும், நாளைக்குத் தீரப் போறதா இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். அழுத்தத்தை வச்சு எவ்வளவு மிச்சம்னு கண்டுபிடிக்க முடியாது, தூக்கித்தான் பார்க்கணும். கார்லயும் அதே கணக்குதான், கேஸை எடை போட்டுத்தான் அடைக்கணும். பானெட்டுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆர்134ஏ இத்தனை கிராம்னு. சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 350லிருந்து 450க்குள்ள வரும்.

வேலூர்_வெயில் | மே 8, காலை 10.05

இப்பவே போய்ப் பார்த்தேன். 380 கிராம். பத்து வருஷத்துல இந்த ஸ்டிக்கரை இப்பத்தான் முதல் தடவை படிக்கிறேன்.

ஓஎம்ஆர்_டிராஃபிக் | மே 8, காலை 10.30

ஆன்லைன்ல லீக் அடைக்கிற டப்பா கிடைக்குதே, அதை ஒண்ணு அடிச்சுட்டா என்ன? 900 ரூபாய்தான்.

காயில்காரர் | மே 8, பகல் 1.20

லீக்னு யார் சொன்னது? இருந்தாலும் வேணாம் சாமி. காத்தும் ஈரமும் பட்டா இறுகுற சாமான் அது. உள்ள ஈரம் இருந்தா எக்ஸ்பான்ஷன் வால்வுலயே இறுகிடும். கேஸ் எடுக்கிற மெஷின்ல மாட்டினா மெஷினும் போச்சு. லீக்னா சாயம் விட்டு யூவி லைட் அடிச்சுப் பாரு. இல்லேன்னா நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி தடவு. கேஸ் கசியிற இடத்துல ஆயிலும் சேர்ந்து கசியும். ஹோஸ் மூட்டுல எண்ணெய்ப் பிசுக்கோட தூசி படிஞ்சிருந்தா முதல்ல அங்க பாரு. பாதி நேரம் கேஸ் ஏத்துற வாய்ல இருக்கிற சின்ன வால்வுதான் கசியும். அதோட விலை ஒரு டீ, வடை.

யாழ்_பயணி | மே 8, பின்னேரம் 4.50

இடையில ஒரு விசயம் சொல்லுறன், ஆருக்கும் உதவும். எங்கட பக்கம் ஹைப்ரிட் வாகனம் கூட. அதில கொம்பிரசர் பெல்ட்டில ஓடுறேல்லை, பெரிய பற்றரியின்ர கரண்டில ஓடுது. அதுக்குள்ள பிஓஈ ஒயில்தான் விடோணும். சாதாரண காருக்கு விடுற பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேசன் குறைஞ்சு கரண்ட் கசியத் துவங்கும், வாகனம் வோர்னிங் போட்டு நிண்டிடும். கராஜில ஒரே மெசினால எல்லா வாகனத்துக்கும் காஸ் அடிக்கிறவையிட்ட ஹைப்ரிட்டைக் குடுக்க முன்னம் இதைக் கேளுங்கோ.

காயில்காரர் | மே 8, இரவு 7.15

நூத்துக்கு நூறு சரி. எங்க கடையில அதுக்குத் தனி ஹோஸ் வச்சிருக்கோம்.

வேலூர் தம்பி, இனி உன் வேலை. அடுத்த தடவை சூடானதும் டீக்கடைக்குப் போகாதே. ஏசியை அணைக்காதே. ஓரமா நிறுத்தி, இன்ஜினும் ஏசியும் ஓடட்டும், பானெட்டைத் திற. கம்ப்ரெஷர் முன்னாடி பெல்ட் ஓடுற புல்லி எப்பவும் சுத்தும். அதுக்கு முன்னால ஒரு வட்டத் தகடு இருக்கும், அதுதான் கிளட்ச் பிளேட். அது சுத்துதா, நிக்குதா?

நின்னா, கிளட்சுக்குப் போற ஒயர்ல மல்டிமீட்டர் வச்சுப் பாரு. கரண்ட் வரலேன்னா தப்பு கம்ப்ரெஷர்ல இல்ல; ரிலே, பிரஷர் ஸ்விட்ச், தெர்மிஸ்டர், இல்ல கம்ப்யூட்டர் ஏதோ ஒண்ணு நிறுத்தியிருக்கு. 12 வோல்ட்டுக்கு மேல வந்தும் பிளேட் நின்னுச்சுன்னா கிளட்ச்தான்.

கனெக்டரைக் கழட்டிப் பார்க்காதே. ரிலே முனை கரிஞ்சிருந்தாலும் சும்மா தொங்குற ஒயர்ல முழு வோல்ட் காட்டும், லோடு ஏறினாத்தான் விழும். கனெக்டர் மாட்டியிருக்கும்போதே பின்பக்கமா குண்டூசி சொருகி அளக்கணும்.

வேட்டி, துண்டு, தொங்குற கயிறு எதுவும் வேணாம். பேன் தானா சுத்த ஆரம்பிக்கும்.

வேலூர்_வெயில் | மே 11, இரவு 8.55

சார் எல்லாரும் உட்காருங்க, கொஞ்சம் பெரிய பதிவு.

இன்னைக்கு மத்தியானம் 1.30க்குக் கிளம்பினேன். கத்திரி வெயில், வண்டி மீட்டர் 41 காட்டுச்சு. மச்சானைப் பக்கத்துல உட்கார வச்சு, மல்டிமீட்டர், குண்டூசி, டார்ச் சகிதம். மனுஷன் வாழ்க்கையில முதல் தடவையா ஏசி எப்ப கெட்டுப்போகும்னு வேண்டிக்கிட்டு ஓட்டினேன். சரியா 2.15க்கு, டோல் தாண்டி கொஞ்ச தூரத்துல, வெதுவெது.

சர்வீஸ் ரோட்டுல ஒரு புளியமரத்தடியில நிறுத்தினேன். புல்லி சுத்துது. பிளேட் அசையாம நிக்குது. ஏசி பட்டன் எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. குண்டூசி சொருகி அளந்தா 12.9 வோல்ட்.

இன்ஜினை அணைச்சு உடனே கனெக்டரைக் கழட்டி கிளட்ச் காயிலோட ஓம்ஸ் (மின்தடை) பார்த்தேன்: 4.7. சாயந்திரம் அறைக்கு வந்து, வண்டி நல்லா ஆறினப்புறம் பார்த்தா 3.6. இது ஏன் மாறுது?

ரோட்டோரத்துல ஒரு லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். பேசிட்டே இருக்கும்போது, நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டதும், ஒரு நீளக் கட்டையால பிளேட்டோட முகத்துல ஒரு தட்டு தட்டினார். டக்குனு ஒட்டிக்கிச்சு! ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஜில்லு. "பழைய வண்டின்னா தட்டித்தான் கேக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

காயில்காரர் | மே 11, இரவு 9.10

அந்த டிரைவருக்கு என் வணக்கம். ஆனா நீ அதைப் பழக்கமாக்கிக்காதே, கட்டை பெல்ட்டுல சிக்கினா மூஞ்சிக்குத்தான் வரும்.

கிளட்ச் கேப், அதாவது பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, அதிகமாயிடுச்சு. குமாரு, ஓம்ஸ் கணக்கை நீ சொல்லு.

கிர்ச்சாஃப்_குமார் | மே 11, இரவு 10.22

சந்தோஷமா சொல்றேன் அண்ணே.

கிளட்ச்ங்கிறது புல்லிக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிற ஒரு செம்புக் காயில். கரண்ட் போனா காந்தமாகி முன்னாடி இருக்கிற பிளேட்டை இழுத்து புல்லியோட ஒட்ட வைக்கும். செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.39 சதவீதம் தடை கூடும். 3.6லிருந்து 4.7 ஆகியிருக்குன்னா காயில் சாயந்திரம் இருந்ததை விட 78 டிகிரி மாதிரி கூடுதல் சூடு, அதாவது 100ஐத் தாண்டிடுச்சு. இன்ஜின் பக்கத்துல கத்திரி வெயில்ல இது ஆச்சரியமே இல்ல.

அதே 12.9 வோல்ட்டுக்கு, ஆறியிருக்கும்போது 3.6 ஆம்பியர் போகும், சூட்டுல 2.7தான். காந்தத்தோட இழுவை கரண்டோட இருமடிக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால கரண்ட் முக்கால்வாசி ஆனா இழுவை 60 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடும். 91,000 கிலோமீட்டர்ல பிளேட்டும் புல்லியும் தேய்ஞ்சு நடுவுல இடைவெளி கூடியிருக்கும். இடைவெளி கூடக்கூட இழுவை இன்னும் வேகமா விழும்.

இதுல அழகான விஷயம், ஏன் 40 நிமிஷம்ங்கிறதுதான். ஒட்டின பிளேட்டைப் பிடிச்சு வைக்க அதிக பலம் வேணாம், ஏன்னா இடைவெளியே இல்ல. விலகி நிக்கிற பிளேட்டை இழுக்கத்தான் பலம் வேணும். ஹைவேல கூலிங் நல்லா ஏறி, கூலிங் காயில் உறையப் போற நேரத்துல தெர்மிஸ்டர் கம்ப்ரெஷரை நிறுத்தும். சில நொடி கழிச்சு திரும்ப கரண்ட் வரும். முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு தடவையும் இழுத்துடுச்சு. காயில் 100ஐத் தாண்டினப்புறம் ஒரு தடவை விலகினது, திரும்ப ஒட்டல. ராத்திரியிலயும் மழையிலயும் அந்தச் சூடு ஏறவே இல்ல. டீக்கடையில ஆறினா மறுபடி இழுக்கும், ஆனா பாதிச் சூட்டுல தொடங்குறதால 20 நிமிஷத்துல தீர்ந்துடும்.

பொள்ளாச்சி_பாபு | மே 11, இரவு 10.40

அப்ப என் தெர்மிஸ்டர் நல்லா வேலை செஞ்சதாலதான் பிரச்சினையே வந்திருக்கு! தோத்தாலும் கௌரவமான தோல்விங்க.

வேலூர்_வெயில் | மே 11, இரவு 10.45

இதைப் படிச்சுட்டு மச்சான் ரெண்டாவது தடவை சத்தமா வாசிச்சுக் காட்டிட்டு இருக்கான். இப்ப என்ன செய்யணும் அண்ணே?

காயில்காரர் | மே 12, காலை 6.20

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசுத் தகடுகள்) வச்சு பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல மூணு இடத்துல அளக்கச் சொல்லு. உன் கம்ப்ரெஷருக்குரிய அளவு சர்வீஸ் புஸ்தகத்துல இருக்கும். பல சின்ன கம்ப்ரெஷர்ல 0.3லிருந்து 0.6 மில்லிமீட்டர். கூடுதலா இருந்தா பிளேட்டோட நடு போல்ட்டைக் கழட்டி, பிளேட்டை உருவி, தண்டு மேல இருக்கிற மெல்லிசு ஷிம் வாஷர்ல தேவையானதை எடுத்துட்டுத் திரும்ப மாட்டணும். கேஸ் பக்கம் கையே வைக்க வேணாம்.

ரொம்பக் குறைச்சுடாதீங்க. உரசிக்கிட்டே ஓடினா ஏசி அணைச்சாலும் பிளேட் இழுபடும், கருகல் வாசனை வரும், புல்லி பேரிங் போயிடும். பிளேட் முகம் நீலம் பாரிச்சு, பள்ளம் விழுந்திருந்தா ஷிம் போதாது, கிளட்ச் செட்டே மாத்தணும்.

இன்னொண்ணு. மூணு கடையில கேஸ் ஏத்தியிருக்காங்க, ஒருத்தரும் எடை போடல. மொத்தத்தையும் மெஷின்ல எடுத்து எவ்வளவு வருதுன்னு பாரு. எனக்கு இப்பவே வயித்தைக் கலக்குது.

வேலூர்_வெயில் | மே 17, மாலை 6.30

வேலை முடிஞ்சது. சத்துவாச்சாரி பக்கம் ஒரு சின்னக் கடை, ஒரே ஒரு ஆள், ஆனா மெஷின் வச்சிருக்கார். முன் சக்கரத்தைக் கழட்டி உள் பிளாஸ்டிக்கை விலக்கினதும் கிளட்ச் நேரா கண்ணுல பட்டுச்சு. கேப் மூணு இடத்துல 0.85, 0.9, 0.8. உள்ள ரெண்டு ஷிம். 0.4 கனம் இருந்ததை எடுத்தார். இப்ப 0.45 சொச்சம். பிளேட் முகம் நல்லாத்தான் இருக்காம்.

ஓடவிட்டு மீட்டர் பார்த்தா தாழ்பக்கம் 55, உயர்பக்கம் 310! கேஸை வெளியில எடுத்தார்: 530 கிராம். ஸ்டிக்கர்ல 380. அவரே தலையில அடிச்சுக்கிட்டார். 40 நிமிஷம் வேக்கம் போட்டு, பம்பை நிறுத்திட்டு இன்னொரு 20 நிமிஷம் முள் ஏறுதான்னு காத்திருந்தார், ஏறல, அதனால பெரிசா லீக் இல்ல. 380 கிராம் எடை வச்சு அடைச்சார். அப்புறம் தாழ்பக்கம் 38, உயர்பக்கம் 235. வெளியில 38 டிகிரி, நடு வென்ட்ல தெர்மாமீட்டர் 7 டிகிரி.

ஷிம் வேலைக்கு 500, கேஸ் வேலைக்கு 1,500. 18,000 எங்க, 2,000 எங்க.

காயில்காரர் | மே 17, இரவு 7.05

310ஆ! 150 கிராம் கூடுதல்னா கண்டென்சர்ல பாதி இடம் திரவமே அடைச்சிருக்கும், சூடு இறங்க இடமே இருந்திருக்காது. கம்ப்ரெஷர் முக்கி முக்கி ஓடி, அதுவே கிளட்சை இன்னும் சூடாக்கியிருக்கும். நோய்க்கு மருந்துன்னு கொடுத்தது நோயைத்தான் வளர்த்திருக்கு. பெட்ரோலும் கூடக் குடிச்சிருக்குமே?

வேலூர்_வெயில் | மே 17, இரவு 7.12

மைலேஜ் குறைஞ்சதுக்கு டயர்ல காத்து கம்மின்னு வேற ஒருத்தர் சொன்னார் அண்ணே.

பச்சைமிளகா_பொறியாளர் | மே 17, இரவு 8.30

எடுத்த கேஸை அவர் காத்துல விடாம மெஷின்ல பிடிச்சதுக்கே ஒரு சபாஷ். ஆர்134ஏ ஓசோனை ஒண்ணும் செய்யாது, அதனாலதான் பழைய ஆர்12க்குப் பதிலா வந்துச்சு. ஆனா பூமியைச் சூடாக்குறதுல ஒரு கிலோ இது, நூறு வருஷக் கணக்குல 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அந்த 530 கிராமைத் தெருவுல விட்டிருந்தா முக்கால் டன். ஐரோப்பாவுல 2017லிருந்து புதுக் கார் எதுலயும் இதை அடைக்க முடியாது. இந்தியாவும் இந்த வகை கேஸ்களைப் படிப்படியா குறைக்கிற கிகாலி ஒப்பந்தத்தை 2021ல ஏத்துக்கிச்சு. நம்ம ஊர்ல ஹோஸைக் கழட்டி "புஸ்"ஸுன்னு விடுறது இன்னும் நடக்குது.

வேலூர்_வெயில் | மே 25, இரவு 9.15

ரெண்டு தடவை சென்னை போயிட்டு வந்தாச்சு. போன வாரம் மத்தியான வெயில்ல ஒரு வினாடி கூட நிக்கல. ஆனா இன்னைக்குப் புதுசா ஒண்ணு. முன்சீட்டுல மனைவி கால் வைக்கிற இடத்துல மேட் தொப்பலா நனைஞ்சிருக்கு. ரேடியேட்டர் தண்ணியா இருக்குமோ?

காயில்காரர் | மே 25, இரவு 9.31

விரல்ல தொட்டுப் பாரு. வழுவழுன்னு, இனிச்ச வாசனையோட, கலரா இருந்தா கூலன்ட். நல்ல தண்ணியா, ஜில்லுன்னு இருந்தா ஏசி தண்ணி. இத்தனை நாள் பாதி வழியில நின்னுடுச்சு, இப்ப முழுநேரம் ஓடுது. கூலிங் காயில்ல சேர்ற தண்ணியும் அதுக்கேத்த மாதிரி கூடியிருக்கு. வண்டிக்கு அடியில, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) பக்கம் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதுல சொட்டுதா?

வேலூர்_வெயில் | மே 25, இரவு 9.36

நல்ல தண்ணிதான். குழாயில ஒரு சொட்டு கூட வரல. காலையில ஒயர் விட்டுப் பார்க்கிறேன்.

வேலூர்_வெயில் | மே 26, காலை 7.20

குளவிக் கூடு. முழுசா மண்ணு வச்சுப் பூசியிருக்கு. குத்தினதும் அரை லிட்டர் தண்ணி சட்டைக்குள்ள இறங்குச்சு.

தயிர்சாதம் | மே 26, காலை 7.34

குளவிக்குக் கூட உங்க ஏசி பிடிச்சிருக்கு சார்.